நூற்றில் ஒன்று: வணிகமும் கானகக் கொடையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய அமைப்பு இடையறாது இயங்கி வருவது எளிய செயலன்று. திங்கள்தோறும் ஒரு கூட்டம் என்றால் அதற்கோர் அரங்கம் வேண்டும். அழைப்பிதழ் அச்சிட வேண்டும். அஞ்சல் தலை ஒட்ட வேண்டும். வந்தவர்க்குத் தேநீராவது தர வேண்டும். இவற்றின் பின்னே யாரோ சிலருடைய பணம் இருக்கின்றது. நம் வட்டம் வெளியிடும் மலர்களின் இறுதிப் பக்கங்களைப் புரட்டினால் அச்சிலர் யார் என்பது விளங்கும். துணிக்கடைக்காரர், அச்சகத்தார், மருந்துக்கடைக்காரர், இரும்புக்கடைக்காரர் ஆகியோரே அவர்கள். அவருள் பலர் கவிதை படிப்பவர் அல்லர். ஆயினும் நம் கவிதைகள் அச்சேறுவதற்கு அவர்தம் கல்லாப்பெட்டி ஒரு காரணமாக இருந்து வருகின்றது. வணிகரிடம் பொருள் பெறுவது இலக்கியத்திற்கு இழுக்காகாதா என்ற வினாவும் நம்மிடையே அவ்வப்போது எழுந்ததுண்டு. அவ்வினாவிற்கு நேரடியாக விடை கூறாமல், வேறொரு துறையில் நிகழ்ந்ததொன்றை எடுத்துக்காட்டி, அதன் வழியே விடை தேட விரும்புகின்றேன். கானகத்தையும் கடலையும் காக்கும் குழுக்களுக்குச் சிறுகடைக்காரர் சிலர் அளித்து வந்த கொடையே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

கொல்லன் உலை

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், 1957ஆம் ஆண்டில், இவோன் சூய்னார்ட் என்ற இளைஞர் பழைய பொருள்கள் குவிந்த கிடங்கொன்றிலிருந்து ஓர் உலையை வாங்கினார். பட்டடை ஒன்றும் தேடிக்கொண்டார். கொல்லுத் தொழிலை யாரிடமும் பயிலாமல் தாமே கற்றார். அவர் பாறையேறுவதில் பெருவிருப்பம் உடையவர். பாறையேறுவோர் 'பிட்டன்' எனப்படும் இரும்பாணியைப் பாறை இடுக்கில் அறைந்து, அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டு மேலேறுவர். அந்நாளில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆணிகள் மெல்லிரும்பால் ஆனவை. ஒருமுறை அறைந்தால் பாறையிலேயே விட்டுவிட வேண்டியதுதான். சூய்னார்ட் கடினமான எஃகில் ஆணி செய்தார். அதனை அறையலாம், பிடுங்கலாம், மீண்டும் பயன்படுத்தலாம். தம் வண்டியின் பின்புறத்தில் வைத்தே அவற்றை விற்றார். 1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மலையேறு கருவிகளை மிகுதியாக விற்பவர் அவரே என்னும் நிலை வந்தது.

சிக்கலும் அங்கேதான் பிறந்தது. ஆணியை மீண்டும் மீண்டும் அறைந்து பிடுங்க முடிந்ததால், புகழ்பெற்ற பாறைகளின் இடுக்குகள் சிதையத் தொடங்கின. எந்தப் பாறையின்மீது கொண்ட காதலால் அத்தொழில் பிறந்ததோ, அந்தப் பாறையையே அது புண்படுத்திற்று. வருவாயில் பெரும்பகுதியைத் தந்துகொண்டிருந்த ஆணியைக் கைவிடுவதென அவரும் அவர் கூட்டாளியும் முடிவு செய்தனர். 1972ஆம் ஆண்டின் விலைப்பட்டியலில், சுத்தியல் இன்றிக் கையாலேயே இடுக்கில் செருகி எடுக்கத்தக்க அலுமினிய ஆப்புகளை அறிமுகம் செய்தனர். பாறையைப் புண்படுத்தாமல் ஏறும் முறை குறித்து விரிவான கட்டுரை ஒன்றையும் அப்பட்டியலிலேயே அச்சிட்டனர். விலைப்பட்டியல் ஒன்று அறநூல் போலப் பேசிய அரிய நிகழ்ச்சி அது. சில திங்களுக்குள் ஆணி விற்பனை சுருங்கி, ஆப்பு விற்பனை பெருகிற்று.

இந்நிகழ்ச்சியில் யாரும் யாருக்கும் நன்கொடை அளிக்கவில்லை என்பதை அவையோர் உளங்கொள்ள வேண்டும். தான் செய்யும் கேட்டைத் தானே நிறுத்துவதுதான் முதற்படி. கொடை அதற்குப் பின் வருவது. இவ்வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆற்றங்கரையில் ஓர் இளைஞர்

1973ஆம் ஆண்டில் வெஞ்சுரா என்னும் கடற்கரை நகரில், 'பட்டகோனியா' என்ற பெயரில் உடை விற்கும் சிறுகடை ஒன்றை அவர் தொடங்கினார். அந்நகரின் ஆறு மலைக்காட்டில் பிறந்து, சிறுதொலைவே ஓடிக் கடலில் கலப்பது. 'ஸ்டீல்ஹெட்' என்னும் மீனினம் அவ்வாற்றில் பொரித்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் இயல்புடையது. 1940களின் இறுதியில் எழுந்த மட்டிலிஹா அணை அம்மீனின் வழியை மறித்தது. நாளடைவில் அந்த ஆறு செத்த ஆறு என்றே பலராலும் கருதப்பட்டது.

ஆற்றின் முகத்துவாரத்தைத் திருத்திக் கட்டடம் எழுப்பும் திட்டம் ஒன்று 1970களின் தொடக்கத்தில் நகரவையின் முன் வந்தது. அறிஞர் சிலர் ஆற்றில் உயிரே இல்லை என்று சான்று கூறினர். அப்போது உயிரியல் மாணவர் ஒருவர் எழுந்து, தாம் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். கரையில் வாழும் பறவைகள், நீர்ப்பாம்புகள், எல்லாவற்றிற்கும் மேலாகக் கடலுக்குப் புறப்படும் ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் அப்படங்களில் இருந்தன. செத்ததாகச் சொல்லப்பட்ட ஆறு திரையில் உயிரோடு நின்றது. திட்டம் கைவிடப்பட்டது.

அம்மாணவரின் சிறு அமைப்பிற்கு அந்த உடைக்கடை அளித்த உதவி யாது? அமர்ந்து எழுத ஓர் இடம், கடிதம் வந்து சேர ஓர் அஞ்சற்பெட்டி, செலவிற்குச் சிறுதொகை. அவ்வளவே. பெரிய அறக்கட்டளைகள் பெரிய அமைப்புகளையே நாடும். பத்துப் பேர் கூடித் தம் ஊர் ஆற்றைக் காக்க முனையும் குழுவிற்கு ஒரு மேசையும் முகவரியும் தருவார் அரியர். சிறுகடையின் கொடை பொருந்தி அமைவது இத்தகைய இடத்தில்தான். மேலும், அவ்வாறு மலைக்காட்டையும் கடலையும் இணைக்கும் கயிறு போன்றது. நாம் குறிஞ்சி என்றும் நெய்தல் என்றும் பாட்டில் பிரித்துப் பயில்கின்றோம். மீன் அவற்றைப் பிரிப்பதில்லை.

மீதியில் பத்தா, மொத்தத்தில் ஒன்றா?

1980களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் ஆதாயத்தில் பத்து விழுக்காட்டை இயற்கைக் காப்புக் குழுக்களுக்கு அளிக்க உறுதி பூண்டது. பின்னர் அம்முறையை மாற்றி, ஆதாயம் இருப்பினும் இல்லாவிடினும், மொத்த விற்பனையில் ஒரு விழுக்காடு எனக் கொண்டது. பத்து ஒன்றாகக் குறைந்ததே என எண்ணத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறு.

ஒரு கடையின் ஆண்டு விற்பனை 50 இலட்சம் ரூபாய் என்றும், செலவெல்லாம் போக எஞ்சும் ஆதாயம் நூற்றுக்கு நான்கு, அதாவது 2 இலட்சம் ரூபாய் என்றும் கொள்வோம். ஆதாயத்தில் பத்து விழுக்காடு 20,000 ரூபாய். விற்பனையில் ஒரு விழுக்காடோ 50,000 ரூபாய். அது ஆதாயத்தில் நான்கில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டு விற்பனை அதுவாகவே இருந்து ஆதாயம் மட்டும் இல்லாமற் போயிற்று என்றால், முதல் முறைப்படி ஒன்றும் தர வேண்டியதில்லை. இரண்டாம் முறைப்படி அதே 50,000 ரூபாயைத் தந்தாக வேண்டும். ஆதாயம் என்பதைக் கணக்கு எழுதுவோன் வளைக்கலாம். உரிமையாளர் தம் ஊதியத்தைக் கூட்டிக்கொண்டால் ஆதாயம் தானே குறையும். விற்பனைத் தொகையை அங்ஙனம் வளைத்தல் அரிது.

இக்கருத்தே 2002ஆம் ஆண்டில் ஓர் இயக்கமாயிற்று. சூய்னார்டுடன் இணைந்து அதனைத் தொடங்கியவர் கிரெய்க் மேத்யூஸ். மொன்டானா மாநிலத்தில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயிலில் உள்ள சிற்றூரில், 'புளூ ரிப்பன் ஃபிளைஸ்' என்ற தூண்டிற்கடையை நடத்தி வந்தவர். முன்னர் அவ்வூர்க் காவல்துறைத் தலைவராகவும் இருந்தவர். 'கோளுக்கு ஒரு விழுக்காடு' எனத் தமிழில் நாம் கூறத்தக்க பெயர் அவ்வியக்கத்தினுடையது.

இந்தத் தூண்டிற்கடையைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். அங்கே விற்பனை செய்யப்பட்டவை இறகும் மயிரும் நூலும் கொண்டு கொக்கியின்மேல் கட்டப்படும் செயற்கை ஈக்கள். ஆற்றில் எந்தக் கிழமையில் எந்தப் பூச்சி இறகு முளைத்து மேலெழுகின்றதோ, அதன் நிறத்திற்கும் அளவிற்கும் ஏற்பச் செயற்கை ஈயைக் கட்டினால்தான் டிரவுட் மீன் ஏமாந்து கவ்வும். தெளிந்த குளிர்ந்த நீர் இல்லையேல் அப்பூச்சி இல்லை. பூச்சி இல்லையேல் மீன் இல்லை. மீன் இல்லையேல் கடை இல்லை. ஆறே அக்கடையின் முதலீடு. ஆனால் அம்முதலீட்டிற்கு வட்டி கேட்டு ஆறு எந்நாளும் கடை வாயிலில் வந்து நின்றதில்லை.

யெல்லோஸ்டோன் ஏரியில் 1994ஆம் ஆண்டு ஒரு செய்தி வெளியாயிற்று. யாரோ கொண்டுவந்து விட்ட வேற்று மீனினம் ஒன்று அங்கே பெருகியிருப்பது கண்டறியப்பட்டது. அவ்வேரிக்கே உரிய 'கட்த்ரோட்' டிரவுட் மீன்களை அது தின்று குறைத்தது. கட்த்ரோட் மீன் முட்டையிடுவதற்கு ஆழமற்ற ஓடைகளில் ஏறும். அங்கே கரடிக்கும் விராலடிப்பானுக்கும் இரையாகும். வேற்று மீனோ ஏரியின் ஆழத்திலேயே வாழ்வது; அது கரடியின் கைக்கும் பறவையின் நகத்திற்கும் எட்டாது. நீருக்குள் ஒரு மீன் குறைந்ததால் நிலத்தில் ஒரு விலங்கும் வானில் ஒரு பறவையும் பட்டினி கிடந்தன. அவ்வேற்று மீனை வலையிட்டு அகற்றும் பணி ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. அதற்கு அரசுப்பணம் மட்டுமன்றித் தனியார் கொடையும் உதவுகின்றது. வீணே அழகுக்காகச் செய்யும் செலவன்று இது.

இவ்வியக்கத்தின் நடைமுறையும் கருதத்தக்கது. உறுப்பினரான கடைக்காரர், ஏற்பளிக்கப்பட்ட அமைப்புகளுள் தாம் விரும்பியதைத் தேர்ந்து அதற்கு நேரே கொடை அளிக்க வேண்டும். விற்பனைக் கணக்கையும் கொடைக்கான பற்றுச்சீட்டையும் இயக்கம் ஆண்டுதோறும் சரிபார்க்கும். அதன்பின்னரே தம் பொருளில் அவ்வியக்கத்தின் சின்னத்தைப் பொறிக்கும் உரிமை தொடரும். இங்ஙனம் உறுப்பினர் அளித்த தொகை 2023ஆம் ஆண்டுக்குள் 50 கோடி டாலரைக் கடந்தது. நூற்றில் ஒன்று சிறிதாயினும், கூடினால் பெரிதாகும் என்பதற்கு இது சான்று.

நம்மிடம் இருந்த மகமை

இது மேலைநாட்டார் கண்ட புதுமை என்று எண்ணிவிடலாகாது. நம் வணிகர் கணக்கேடுகளில் 'மகமை' என்றொரு பற்று இருந்தது. விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில், வணிகர் தம் கொள்முதல் விற்பனையில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கென ஒதுக்கினர். ஆண்டிறுதியில் மீந்ததைப் பார்த்துத் தருவதன்று அது. சரக்குக் கைமாறும்போதே எடுத்து வைப்பது. கோயிலும் கிணறும் பள்ளியும் அந்நிதியால் எழுந்தன. காமராசர் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் திரட்டிய பிடியரிசியால் வளர்ந்தது என்பதை அவர் வரலாறு படித்தோர் அறிவர். சோறாக்கும் அரிசியிலிருந்து ஒரு பிடியை முன்னதாகவே எடுத்து வைப்பதே பிடியரிசி. உண்டு மிஞ்சிய சோற்றைத் தருவது வேறு. உலையிலிடுமுன் எடுத்து வைப்பது வேறு.

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் இரண்டு அதிகாரங்களாக, ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருப்பதன் நுட்பம் இங்கே எனக்கு விளங்குகின்றது. ஈகை, இல்லையென வந்தவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு, உலகத்தோடு நமக்குள்ள உறவை அறிந்து நடப்பது. ஒப்புரவறிதலில் வள்ளுவர் காட்டும் உவமைகள் ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரமும் ஆகும். இம்மூன்றும் மிச்சத்தைத் தருவன அல்ல. கானகமும் கடலும் நம் வாயிலில் நிற்கும் இரவலர் அல்லர். நமக்குக் கடன் கொடுத்தவர். ஆகவே, கானகத்திற்குக் கொடுப்பதை ஈகை என்பதினும் ஒப்புரவு என்பதே பொருந்தும். ஒரு வேறுபாட்டையும் மறைத்தலாகாது. மகமை பெரும்பாலும் தம் சமூகத்தார்க்கும் தம் ஊர்க்கும் பயன்பட்டது. ஆறும் கடலும் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவை? அங்கேதான் பழைய மகமை தன் எல்லையை விரித்தாக வேண்டும்.

கொடையும் குற்றமும்

இனி மறுபக்கம். கொடை விளம்பரமாவதில்லையா? ஆகின்றது. சின்னம் பொறித்த பொருளை வாங்குவோர் கூடுகின்றனர், விற்பனை பெருகுகின்றது, பெருகிய விற்பனைக்கு மேலும் பஞ்சும் சாயமும் எண்ணெயும் வேண்டியிருக்கின்றன. 2011ஆம் ஆண்டில் பட்டகோனியா தன் மேற்சட்டையின் படத்தைச் செய்தித்தாளில் வெளியிட்டு, இதனை வாங்காதீர் என்று கேட்டுக்கொண்டது. தேவையின்றி வாங்கற்க என்பது அதன் கருத்து. அவ்விளம்பரத்தையே விற்பனைத் தந்திரம் என்றாரும் உளர்.

இதனினும் கூரிய முரண் ஒன்றுண்டு. 1993ஆம் ஆண்டு அந்நிறுவனம், எறியப்பட்ட பிளாஸ்டிக் குப்பிகளை உருக்கி நூலாக்கிக் குளிருடை செய்யத் தொடங்கியது. குப்பை உடையாயிற்று என்று உலகம் மெச்சியது. 2016ஆம் ஆண்டில், அந்நிறுவனமே பொருளுதவி செய்து கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய ஆய்வு வெளிவந்தது. செயற்கை இழைச் சட்டையை ஒருமுறை சலவைப் பொறியில் இட்டால், சராசரியாக 1.7 கிராம் அளவிற்கு நுண்ணிழைகள் உதிர்கின்றன என்று அது கூறிற்று. அவற்றுள் ஒரு பகுதி வடிகால் வழியே ஆற்றிலும் கடலிலும் சேர்கின்றது. கடலைக் காக்கும் குழுவிற்குக் கொடையளிக்கும் கை, கடலில் இழையையும் கலக்கின்றது. கொடையாளரே பணம் கொடுத்துத் தம் குற்றத்தைக் கண்டறியச் செய்தார் என்பதைப் பாராட்டலாம். ஆயினும் கொடை அக்குற்றத்திற்குக் கழுவாய் ஆகாது. ஆணியைக் கைவிட்ட அன்றைய வரிசையே சரியான வரிசை: முதலில் கேட்டை நிறுத்துதல், அதன்பின் கொடை.

1991ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் அந்நிறுவனம் 120 ஊழியரை, ஐவரில் ஒருவர் என்ற கணக்கில், ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கியது. விரைந்து வளர்ந்ததன் விலை அது. காட்டிற்குக் கொடுப்பவன் தன் கடையில் நிற்பவனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒப்புரவு இருவர்க்கும் உரியது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் சூய்னார்ட் குடும்பத்தார், ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புடைய அந்நிறுவனத்தையே ஓர் அறக்கட்டுப்பாட்டிற்கும் ஓர் அமைப்பிற்கும் எழுதிக் கொடுத்தனர். தொழிலுக்கு வேண்டியது போக எஞ்சும் ஆதாயம் இயற்கைக் காப்பிற்குச் செல்லும் என்பது ஏற்பாடு. அதிலும் வரிச் சலுகை உண்டென்று குறை கூறியவர் உண்டு, கூறட்டும். கொடையாளரை வினவும் உரிமை ஊரார்க்கு இருப்பதே நலம்.

நமக்கான மூன்று அளவுகோல்கள்

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம் எனக் கருதுகின்றேன். கொடை மீதியிலிருந்து வருகின்றதா, மொத்தத்திலிருந்து வருகின்றதா என்பது முதலாவது. பெற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் கொடுத்தவர் தலையிடுகின்றாரா என்பது இரண்டாவது. மேசையும் அஞ்சற்பெட்டியும் பெற்ற மாணவர் எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று கடைக்காரர் கூறவில்லை. பெற்றவர், கொடுத்தவரின் குற்றத்தையும் எடுத்துரைக்க இயலுமா என்பது மூன்றாவது. இம்மூன்றாவதே கடினமானது. கொடை வாங்கிய வாய் அடைபடுமானால், அக்கொடை விலையாகிவிடுகின்றது.

இவ்வளவுகோல்கள் நம் வட்டத்திற்கும் பொருந்தும். ஒரு விளம்பரப் பக்கம் பெற்றதனால், அவ்வணிகரின் சாயக்கழிவு கலக்கும் ஆற்றைப் பற்றி ஒரு கவிதையை நாம் விலக்குவோமானால், நாம் பெற்றது நன்கொடையன்று. அங்ஙனம் விலக்கும் நிலை வராதவரை, வணிகர் பணம் இலக்கியத்திற்கு இழுக்கன்று என்பதே என் துணிபு. மகமையால் எழுந்த பள்ளியில் படித்தவர் வணிகர்க்கு அடிமையாகிவிடவில்லை.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடலும் காடும் ஆறும் நம் கவிதைத் தொழிலுக்கு முதலீடு. அலையையும் மழையையும் மானையும் எடுத்தாளாத கவிஞர் இவ்வவையில் ஒருவரேனும் உளரோ? தூண்டிற்கடைக்காரருக்கு ஆறு எப்படியோ, நமக்கும் அப்படியே. அவர் நூற்றில் ஒன்றைத் திருப்பித் தந்தார். நாம் எதைத் திருப்பித் தருகின்றோம்? பாடல் தந்தோம் என்று நாம் விடை கூறக்கூடும். ஆற்றுக்குப் பாடல் கேட்கும் செவி இல்லை. அதன் கரையைக் காக்க ஊர்ப்பொது அவையில் எழுந்து பேசும் ஒரு குரலே அதற்கு வேண்டும். அந்த மாணவர் கவிஞரல்லர். ஆயினும் செத்ததெனப்பட்ட ஓர் ஆற்றை உயிருடையதாகப் பிறர் காணுமாறு செய்தார். கவிதையின் வேலையும் அதுவே அன்றோ?

ஆகவே, இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் இவ்வேளையில், ஒரு கருத்தை அவையின் முன் வைக்கின்றேன். நம் ஆண்டு வரவில் நூற்றில் ஒன்றை, நூல் விற்பனையாயினும் உறுப்பினர் கட்டணமாயினும் விளம்பரத் தொகையாயினும், வரும்போதே தனியே எடுத்து வைப்போம். நம் ஊர் நீர்நிலை ஒன்றைக் காக்க முனைந்து நிற்கும் சிறுகுழுவிற்கு அதனை ஆண்டுதோறும் அளிப்போம். தொகை சிறிதாகவே இருக்கும்; ஒரு குழுவின் அஞ்சற்செலவிற்கும் ஒரு நாள் படப்பிடிப்பிற்கும் அது போதும். கணக்கை ஆண்டுக்கூட்டத்தில் படித்துக் காட்டுவோம். பெற்ற குழுவினர் நம்மையும் குறை கூறும் உரிமை உடையவர் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதி வைப்போம். செயற்குழு இதனை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டுகின்றேன்.